நாலு மணிக்கே இருட்டினால் மனசு என்ன செய்யும்?

கம்பம் பள்ளத்தாக்கில் சூரியன் பெரிதாகக் கணக்கு மாற்றுவதில்லை. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 1 மணி 10 நிமிடம்தான். மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு.

லண்டன் அப்படியில்லை. ஜூனில் பதினாறரை மணி நேரம் நீளும் பகல், டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடும். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போன பெண், இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புகிறாள். "ஏன் தாயி, எப்பப் பார்த்தாலும் தூங்கி வழியுற?" என்று அம்மா போனில் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பதுதான் பதில். ஊர் ஏக்கம் என்று அம்மா நினைக்கிறார். சோம்பேறித்தனம் என்கிறார் அப்பா. இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம் அன்றைக்கான நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். இருட்டில் சுரக்கும் மெலடோனின் அடங்கி, உடம்பு விழிக்கும். விடியல் தள்ளிப்போனால் இந்த ஒழுங்கு குலைகிறது. சிலருக்கு அதிகத் தூக்கம், இனிப்பின் மீது தீராத ஆசை, எதிலும் பிடிப்பில்லாத நிலை என்று மாதக்கணக்கில் நீள்கிறது. 1984-ல் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் இதைப் 'பருவகால மனச்சோர்வு' என்று விவரித்தார்கள். காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று.

வெளிச்சத்தைப் போலவே துணையும் முக்கியம் என்று காட்டியது, நம் பக்கத்து மதுரை. காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் குழுவினர் 1970-களில் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே படாத குகைக்குள் அடைக்கப்பட்ட வௌவால், வெளியே பறந்துவிட்டுத் திரும்பும் தன் கூட்டம் அருகில் இருந்தவரை நேரத்தைத் தவறவிடவில்லை. கூட்டமில்லாத குகையில் அதன் கடிகாரம் விலகிப்போனது.

மனிதர்கள் வௌவால்கள் அல்லதான். ஆனாலும், கம்பத்தில் மதியம் ஒன்றரை மணி என்றால் லண்டனில் குளிர்காலக் காலை 8 மணி. தினமும் அந்த நேரத்துக்கு ஒரு போன் போட்டு, "கொஞ்சம் வெளிய நடந்துட்டு வா தாயி" என்று அம்மா சொல்லலாம். மேகம் மூடிய பகல் வானம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசமானது. சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டி, வேலையும் சாப்பாடும் கெட்டால் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும். திட்டுவதால் எந்த ஊரிலும் பொழுது சீக்கிரம் விடிந்ததில்லை.