லாபம் வேண்டாம் என்கிற ஊர்

பி.காம். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாருக்கும் சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு விலைக்கு வாங்கு, அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்று விடு, நடுவில் மிஞ்சுவது லாபம். "இதில் தப்பு இருக்கிறதா சார்?" என்று எந்த மாணவனும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் வகுப்பே சிரிக்கும்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் சில கிராமத்து விவசாயிகள் நூறு வருடத்துக்கும் மேலாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தப்பு இருக்கிறது என்பதுதான் அவர்கள் பதிலும்.

மத்திய ஜாவாவில் பாத்தி என்று ஒரு மாவட்டம். அதன் தெற்கு எல்லையில் கெண்டெங் என்ற சுண்ணாம்புக்கல் மலைத்தொடர். மலையடியில் சுகோலிலோ வட்டாரம், அதில் பாத்துரெஜோ கிராமம், அதற்குள் பொம்போங் என்ற குக்கிராமம். சுற்றிலும் நெல் வயல். மழைக்காலத்தில் தாழ்வான பக்கம் வெள்ளம் நிற்கும். மற்றபடி ஜாவாவில் இதுமாதிரி ஆயிரம் ஊர் இருக்கும். ஆனால் இங்கே இருப்பவர்களில் பலர் "செடுலுர் சிகெப்" என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கறுப்புச் சட்டை, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் கறுப்புக் கால்சட்டை, தலையில் கட்டுத்துணி. வெளியாட்கள் இவர்களை "சாமின்" என்பார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும், கிறுக்கன், பிடிவாதக்காரன் என்கிற மாதிரி.

சாமின் என்பது ஒரு மனிதரின் பெயர். சாமின் சுரோசெந்திகோ, 1859-ல் பக்கத்து ப்ளோரா மாவட்டத்தில் பிறந்த விவசாயி. அப்போது டச்சுக்காரர்கள் ஆட்சி. ப்ளோரா தேக்குக்குப் பேர்போன இடம். அதுவரை ஊர் ஜனங்கள் விறகுக்கும் வீட்டுக்கும் மரம் வெட்டிய காட்டை அரசாங்கம் தன்னுடையது என்று வளைத்துக்கொண்டது. வரிக்கு மேல் வரியும் போட்டது. 1890 வாக்கில் சாமின் பேச ஆரம்பித்தார். நிலமும் தண்ணீரும் மரமும் எல்லாருக்கும் பொது, அதற்கு வரி கேட்க அரசாங்கம் யார்?

ஆயுதம் எடுக்கவில்லை. வார்த்தையாலேயே அதிகாரிகளைப் பைத்தியம் பிடிக்க வைத்தார்கள். அரசாங்கத்துக்கு வரி பாக்கி என்றால், "நான் அரசாங்கத்திடம் கடனே வாங்கவில்லையே" என்பார்கள். எங்கிருந்து வருகிறாய் என்றால் "பின்னாலிருந்து". எங்கே போகிறாய்? "முன்னால்". எத்தனை பிள்ளைகள்? "இரண்டு, ஆணும் பெண்ணும்". பத்துப் பிள்ளை இருந்தாலும் அதே பதில்தான் :) நிலத்தை அளக்க வந்தால் தரையிலேயே படுத்துக்கொண்டு "இது என்னுடையது" என்று கத்துவார்களாம். 1907-ல் டச்சு அரசு சாமினைக் கைது செய்து நாடு கடத்தியது. 1914-ல் சுமத்ராவில் உள்ள படாங்கில் இறந்து போனார்.

அவர் போன பிறகும் சொல் நின்றது. திருடாதே, பொறாமைப்படாதே என்பதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. இவர்கள் பட்டியல் இன்னும் நீளம். வழியில் கிடந்த பொருளை எடுப்பதும் கூடாது. மொய் வாங்கக் கூடாது. வட்டிக்கு விடக் கூடாது. வியாபாரம் செய்யவே கூடாது. காரணம் ரொம்ப எளிது: வியாபாரத்தில் பொய் சொல்லாமல் இருக்க முடியாது. பத்து ரூபாய்க்கு வாங்கியதைப் "பதினாலுக்கு வாங்கினேன், உங்களுக்காகப் பதினைந்து" என்று சொல்லாத கடைக்காரர் யாராவது உண்டா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் பணத்தைத் தொடாத சாமியார்கள் இல்லை. தன் வயலில் விளைந்த நெல்லை விற்பார்கள். அந்தக் காசில் உப்பும் துணியும் வாங்குவார்கள். விளைவித்து விற்கலாம், வாங்கிப் பயன்படுத்தலாம். வாங்கி விற்பதுதான் கூடாது. கோடு மிகச் சரியாக அந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது. வணிகவியல் புத்தகம் ஆரம்பிக்கிற இடமும் அதேதான்!

எல்லாரும் இப்படியே இருந்துவிட்டால் அந்த உப்பைக் கடலோரத்திலிருந்து யார் கொண்டுவருவது? நியாயமான கேள்வி. பக்கத்தில் கடை வைத்திருக்கும், சிகெப் அல்லாத ஜாவாக்காரர்கள்தான். ஆகவே இந்த வாழ்க்கை கொஞ்சம் அடுத்தவர் தயவில்தான் நடக்கிறது. அதை மறைத்துவிட்டு இவர்களைப் புகழ்வது சரியில்லை.

ஆனால் 2000களின் நடுவில் லாபம் வேறு உருவத்தில் வந்து கதவைத் தட்டியது. கெண்டெங் மலையின் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் செய்ய அரசுத் துறை நிறுவனமான செமென் கிரெசிக் சுகோலிலோவில் ஆலை போடத் திட்டமிட்டது.

சுண்ணாம்புக்கல் மலை ஒரு பஞ்சு மாதிரி. மழைத் தண்ணீர் பிளவுகள் வழியாக உள்ளே இறங்கி, தேங்கி, மெதுவாக மலையடியில் ஊற்றாக வெளிவரும். கோடையிலும் குடிக்கவும் வயலுக்குப் பாய்ச்சவும் அந்த ஊற்றுத்தான். மலையை வெட்டினால் பஞ்சு போச்சு. பிறகு மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் வறட்சி. கம்பெனியின் கணக்கேட்டில் சுண்ணாம்புக்கல்லுக்கு விலை உண்டு. ஊற்றுக்குத் தனி வரி கிடையாது.

சிகெப் விவசாயிகள் மற்ற கிராமத்தினரோடு சேர்ந்து எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான குன்ரெத்னோ முன்னால் நின்றார். அரசாங்கத்தைச் சீண்டாமல் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். அங்கே திட்டம் நிறைவேறவில்லை.

நிறுவனம் அதே மலைத்தொடரின் கிழக்கே, ரெம்பாங் மாவட்டத்துக்குப் போனது. அங்கே எதிர்த்த பெண்கள் பெரும்பாலும் சிகெப் இல்லை, சாதாரண முஸ்லிம் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். 2014 ஜூனில் ஆலை வரும் வழியில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில். வேலை கிடைக்கும் என்று ஆலையை ஆதரித்தவர்களும் அதே ஊர்களில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊர்களில் அந்த வருடங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது.

2016 ஏப்ரலில் கெண்டெங் பெண்கள் ஒன்பது பேர் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே மரப்பெட்டிகளில் கால்களை வைத்து, சிமெண்ட் ஊற்றி இறுக வைத்துக்கொண்டார்கள். சிமெண்ட் வந்தால் எங்கள் நிலத்துக்கு இதுதான் நடக்கும் என்று காட்டுவதற்கு. "கெண்டெங் கார்த்தினிகள்" என்று பத்திரிகைகள் எழுதின. பெண் கல்விக்காக எழுதிய கார்த்தினியை இந்தோனேசியா முழுக்கக் கொண்டாடுகிறார்கள். அவர் 1904-ல் இறந்தது இதே ரெம்பாங்கில்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்யச் சொன்னது. ஜெயித்தாகிவிட்டது என்று நினைத்தால்... 2017 பிப்ரவரியில் மாகாண ஆளுநர் கஞ்சார் பிரனோவோ (அங்கே ஆளுநர் தேர்தலில் நின்று வருபவர்) புது அனுமதி கொடுத்தார். அதே மாதம் பெண்களின் கூடாரத்துக்கும் தீ வைத்தார்கள். மார்ச்சில் மறுபடி ஜகார்த்தா, மறுபடி சிமெண்ட். இந்த முறை இன்னும் நிறையப் பேர். பாத்தி மாவட்டத்திலிருந்து வந்த பத்மி என்ற பெண்மணி, காலிலிருந்து சிமெண்டை எடுத்த பிறகு, மார்ச் 21 அன்று மாரடைப்பில் இறந்து போனார். வயது 48.

ரெம்பாங் ஆலை இப்போது இயங்குகிறது. சுகோலிலோ மலையில் பெரிய ஆலை இல்லை, ஆனால் சின்னச் சின்னக் குவாரிகள் அரித்துக்கொண்டிருக்கின்றன. 2022 இறுதியில் மலையிலிருந்து சேற்று வெள்ளம் சுகோலிலோவுக்குள் இறங்கியது. இதற்குக் காரணம் குவாரிகள்தான் என்று குன்ரெத்னோவின் அமைப்பு சொல்கிறது. மலையடி வயல்களில் நெல் நடுகிறார்கள், அறுக்கிறார்கள். மிஞ்சியதை விற்கிறார்கள், தாங்களே விளைவித்ததை மட்டும்.