பாஸ் போய் புதினா வந்தாச்சு!

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு நகர்ந்து போயிடாதீங்க. இது எங்கள் வீட்டு லேப்டாப்பின் கதை.

அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அது. ஆன் செய்ததும் ‘விண்டோஸா, பாஸ் லினக்ஸா?’ என்று ஒரு பட்டியல் வரும். இதற்குத்தான் டூயல் பூட் என்று பெயர். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. ஹார்ட் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்திருப்பார்கள். பாஸ் லினக்ஸ் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அது டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

எந்த லினக்ஸ் பதிப்புக்கும் ஆயுசு உண்டு. சில வருஷம்தான் பாதுகாப்பு அப்டேட் வரும். எங்களுடையது பழைய பதிப்பு என்பதால் புது பிரவுசர் ஏறவில்லை. இன்னொரு பக்கம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பிராசஸர் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடுவதற்காவது இன்டர்நெட்டுக்குப் பயப்படாமல் போக ஒரு வழி வேண்டுமே! அதனால் லினக்ஸை மட்டும் மாற்றிவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“என்னமோ பண்ணு. டி டிரைவ்ல ரெண்டு வருஷ நோட்ஸ் இருக்கு. ஒரு ஃபைல் போச்சுன்னாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன் டீ!” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் இருப்பது இந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

நான் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எங்கள் 4 ஜிபி ராமுக்கு அது போதும். 2029 வரை அப்டேட் உண்டு. இதுவும் உபுண்டு வழியாக டெபியன் குடும்பம்தான் என்பதால் பாஸில் பழகிய ‘ஆப்ட்’ கட்டளைகள் அப்படியே வேலை செய்யும். ஃபைல் சுமார் 3 ஜிபி. அப்பா போனில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான். ராத்திரி 11 மணிக்கு டவுன்லோடை ஆரம்பித்து, 12 மணி தாண்டியதும் மறுநாள் டேட்டாவில் மீதியை இறக்கினேன். (அப்பா இந்தப் பத்திரிகையைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்!)

நோட்ஸ் மொத்தத்தையும் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் இரவல் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். பாஸில் இருந்த என் ஹோம் ஃபோல்டரையும் எடுத்து வைத்தேன். அப்புறம் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்தினேன். அது இருந்தால் விண்டோஸ் முழுசாகத் தூங்காது, பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கும். அப்போது லினக்ஸால் அந்த டிரைவில் ஒழுங்காக எழுத முடியாது.

முதலில் பென் டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்தேன். எதையும் இன்ஸ்டால் செய்யாமலே வைஃபை, சவுண்டு எல்லாம் சோதித்துவிடலாம். எல்லாம் வேலை செய்தது.

இன்ஸ்டால் செய்யும்போது ஒரு இடம் வரும். அங்கேதான் கை நடுங்கியது. ‘டிஸ்க்கை முழுதாக அழி’ என்று ஒரு வழி, ‘நானே பிரித்துக்கொள்கிறேன்’ என்று இன்னொரு வழி. முதலாவதைத் தொட்டால் அக்காவின் நோட்ஸ், விண்டோஸ் எல்லாம் காலி. இரண்டாவதில் பார்ட்டிஷன் பட்டியல் வரும். என்டிஎஃப்எஸ் என்று போட்டிருந்தால் அது விண்டோஸ் குடித்தனம், ஈஎக்ஸ்டி4 என்றால் லினக்ஸ் குடித்தனம். முன்னாடியே அளவுகளைப் பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். 50 ஜிபி ஈஎக்ஸ்டி4-ஐ மட்டும் ஃபார்மேட்டுக்கு டிக் செய்தேன். இரண்டு பேருக்கும் பொதுவான வாசல் மாதிரி ஈஎஃப்ஐ என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் உண்டு. அதை ஃபார்மேட் செய்யவே கூடாது. மூன்று தடவை எண்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. பட்டியலில் மின்ட், விண்டோஸ் இரண்டும் வந்தன. டி டிரைவும் பத்திரம்.

மறுநாள் காலை 7 மணிக்கு அக்காவின் கத்தல்! “ஏய், என்னத்தடி பண்ணி வெச்சிருக்கே? மணி ஒன்றரைன்னு காட்டுது!”

விண்டோஸில்தான் பார்த்திருக்கிறாள். சரியாக 5½ மணி நேரம் பின்னால் இருந்தது. நம் நாட்டு நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே 5½ மணிதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்னக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸோ அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மின்ட்டில் ‘டைம்டேட்சிடிஎல்’ என்ற கட்டளையில் ஒரே வரி போட்டு, உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொன்னேன். விண்டோஸிலும் நேரத்தைத் திருத்தியதும் சரியாகிவிட்டது.

அக்கா தன் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கடைசி ஃபைல் வரை பார்த்துவிட்டு, “அந்தப் புதினாவுல தமிழ்99 கீபோர்டு வருமா?” என்றாள்.

வரும். ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.