பில்லில் ஒரு வரி

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா கோபியில் டாக்ஸி ஓட்டுகிறார். சொந்தக் கார். சொந்தம் என்றால், தவணை முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது!

போன லீவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். (எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்காதீர்கள் நண்பர்களே.) முதல் நாளே ஃபோர்மேன் அண்ணன் சொல்லிவிட்டார்: "தம்பி, எந்த வண்டி சர்வீசுக்கு வந்தாலும் டேங்கில ஒரு பாட்டில் ஊத்தீரு. பில்லுல ஏத்தீரு." இன்ஜெக்டர் கிளீனர். விலை 350 ரூபாய். நானும் ஊற்றினேன், ஏற்றினேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். பழைய வண்டிதான், ஆனால் பச்சைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். பில்லைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏங் கண்ணு, இது கட்டாயம் போடோணுமா?" என்றார். ஃபோர்மேன் பக்கத்திலேயே நின்றார். "போட்டா நல்லதுங்கய்யா" என்றேன். "படிக்கிற புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று பத்து ரூபாய் நோட்டுகளையும் சேர்த்து எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி வீட்டில் அப்பாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், ஆனால் ஒரு பில்லையும் தூக்கிப் போடமாட்டார். ஐந்து சர்வீஸ் பில். ஐந்திலும் அதே வரி. 1750 ரூபாய். அப்பா சர்வீசுக்கு விடுவது வேறு ஒர்க்‌ஷாப். ஆனால் வரி ஒன்றுதான்.

அந்த பாட்டில் முழுப் பொய்யா என்றால், இல்லை. நல்ல கிளீனரில் பாலிஈதர் அமீன் என்ற கழுவும் பொருள் இருக்கிறது. இன்ஜெக்டர் முனையில் படிகிற பிசுக்கை அது கரைக்கும். ரொம்ப நாள் ஓடாமல் நின்ற வண்டி, ஐடிலிங்கில் இருமுகிற வண்டி என்றால் ஒரு தடவை ஊற்றிப் பார்க்கலாம். ஆனால் தினமும் ஓடுகிற, ஒரு குறையும் இல்லாத வண்டிக்கு சர்வீஸ் தவறாமல் எதற்கு? எங்கள் கார் கையேட்டில் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. பாட்டிலைப் பற்றி ஒரு வரி இல்லை. பங்கில் பிரீமியம் என்று கூடுதல் விலைக்கு விற்கிற பெட்ரோலில் கழுவும் மருந்து ஏற்கெனவே கலந்தே வருகிறது.

இன்னொன்று. இப்போது வரும் சில கார்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது. இன்டேக் வால்வு பெட்ரோலில் நனைவதே இல்லை. அப்புறம் டேங்கில் ஊற்றிய மருந்து அந்த வால்வை எப்படிக் கழுவும்? அந்த வண்டிகளுக்கும் நான் ஊற்றியிருக்கிறேன்.

அப்பாவிடம் வெறும் வாயில் சொன்னால் எடுபடாது. எனவே ஃபுல் டேங்க் அடித்து, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் போட்டேன். பாட்டில் இல்லாமல் இரண்டு தடவை: லிட்டருக்கு 17.4, 17.9. பாட்டில் ஊற்றி ஒரு தடவை: 17.7. அதாவது, பாட்டில் தந்த வித்தியாசத்தைவிட ஊட்டி சவாரி வந்ததா வராததா என்பது தந்த வித்தியாசம் பெரிசு. கணக்குப் போடும்போதுதான் பார்த்தேன், டயரில் காற்று 33 இருக்க வேண்டிய இடத்தில் 26! அதை அடிக்கக் காசே கேட்கவில்லை.

அப்பா நோட்டை வாங்கி, படிக்கத் தெரிந்தவர் மாதிரியே ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டோமே என்று கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நீ வேல பழகுன எடத்துல இதையச் சொன்னியா கண்ணு?"

நான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெரியவர் வண்டி அடுத்த சர்வீசுக்கு வருவது தை மாசம். பில்லில் தேதியை எழுதியதே நான்தான். அன்றைக்கு லேப் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.