முதுகுக்குப் பின் இருந்த தலையணை



சென்ற ஐப்பசி மழையில் நடந்த ஒன்றை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன். பலமுறை எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது இது. சம்பந்தப்பட்ட சகோதரி, எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அவர்களுடைய கணவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விடியுமுன் செக்காலையிலிருந்து புறப்பட்டு, திருப்பத்தூர், மேலூர் வழியாக 80 கிலோமீட்டருக்கும் மேல் மதுரை வரை அவர்களே கார் ஓட்டிச் செல்வார்கள். பிறரிடமிருந்து வாங்கிய பழைய கார். ஓட்டுநர் இருக்கை பொத்தானை அழுத்தினால் மோட்டாரால் நகரும் வகை. உயரமான மைத்துனர் ஒருநாள் ஓட்டுவதற்காக அதைக் கடைசி வரை பின்னுக்கு நகர்த்தினார். அந்த வார மழைக்குப் பின் அது அங்கேயே நின்றுவிட்டது. அந்த இருக்கையில் கையால் இழுத்து நகர்த்தும் கம்பியும் கிடையாது. உயரம் குறைந்த அந்தச் சகோதரி முதுகுக்குப் பின் இரண்டு தலையணைகளை அடுக்கிக்கொண்டு, பாத நுனியால் பிரேக்கை மிதித்து ஓட்டினார்கள்.

நான் அதைப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அந்தக் கதவருகே நின்று பாதுகாப்பான பிரயாணத்துக்காக ஜெபித்தவன் நான். இரண்டு முறை தலையணைகளைக் கண்டேன். இரண்டாம் முறை, “முதுகுக்கு நல்லதுதானம்மா” என்று வேறு சொல்லிவைத்தேன்.

மேலூருக்கு அருகே ஒருநாள் மாடு குறுக்கே வந்திருக்கிறது. தலையணை சரிந்து கால் பிரேக்கிலிருந்து நழுவ, சாலையோர மண்ணில் இறங்கி வண்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, ஏதோ சிறு செய்திபோல அவர்கள் இதைச் சொன்னார்கள். இருக்கையைப் பார்த்த பட்டறையில், மோட்டார் போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்றார்களாம். மருந்துச் செலவுக்கு நடுவே அது எப்படி முடியும்?

அன்று மாலையே செக்காலைச் சாலைச் சந்தொன்றில் வண்டி மின்வேலை செய்யும் பாயை அழைத்து வந்தேன். அவர் என்னைப் ‘பாதர்’ என்றுதான் அழைப்பார், நானும் திருத்தியதில்லை.

காருக்குள் கூரை விளக்கை எரியவிட்டு, இருக்கைப் பொத்தானை அழுத்தச் சொன்னார். விளக்கு மங்கவில்லை. மோட்டார் இறுகிப்போயிருந்தால் அது மின்சாரத்தை அள்ளி இழுக்கும், விளக்கு சற்று மங்கும். மங்காவிட்டால் மின்சாரமே ஒழுங்காகப் பாயவில்லை என்று பொருள். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தார். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக்குக்குப் போவது. விவரம் தெரியாதவர்கள் அங்கே கை வைக்கக் கூடாது. உங்களில் யாரும் இதைப் படித்துவிட்டு ஸ்பேனரோடு இறங்கிவிடாதீர்கள்.

மோட்டாருக்குப் போகும் கப்ளரை மட்டும் கழற்றி, தம் கடை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு ஒயர்களை மோட்டாரில் தொட்டார். இருக்கை முனகிக்கொண்டு முன்னே வந்தது! மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. நான் வாய் திறக்குமுன் அவர் சகோதரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “பிரேக் எட்டுதாம்மா?” என்று கேட்டார். எட்டும் இடம் வரை நகர்த்தினார். “இனி பழுதை நிதானமாத் தேடலாம் பாதர்” என்றார்.

பேட்டரியை மறுபடி இணைத்து, இருக்கைக்கு மின்சாரம் வரும் கப்ளரில் மீட்டரை வைத்தார். 12.4 வோல்ட். மின்சாரம் சரியாகத்தானே வருகிறது என்றேன். “பட்டறையிலயும் இதைப் பார்த்துத்தான் மோட்டார் மேல பழி போட்டிருப்பாங்க. மீட்டருக்குப் பசி கிடையாது பாதர். பசியுள்ளதைக் கட்டிப் பாருங்க.” அதே இரண்டு முனைகளில் 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றைக் கட்டினார். அணையப்போகும் கங்குபோல அதன் இழை சிவந்ததே தவிர எரியவில்லை. மீட்டர் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பல்பைக் கழற்றினால் மறுபடி 12.4.

பல்பு கட்டியிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைக் கறுப்பு எர்த் ஒயரிலும், மறுமுனையைக் காரின் வெற்றுத் தகட்டிலும் வைத்தார். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாதாம், 9-ஐத் தாண்டியது. பேட்டரிக்குத் திரும்பும் வழியில்தான் கோளாறு.

தரைவிரிப்பைத் தூக்கினோம். கதவு ரப்பர் வழியே இறங்கிய மழைநீர் அடியில் தேங்கி, எர்த் போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மீட்டர் கேட்கும் இம்மியளவு மின்சாரம் அந்தப் பூப்பைக் கடந்துவிடும்; மோட்டார் கேட்கும் பல ஆம்பியர் கடக்காது. நம் ஊரில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 1953 முதல் அங்கே ஆராயப்படுபவற்றில் உலோக அரிப்பும் ஒன்று. அதன் வாசலைக் கடந்து எத்தனை முறை போயிருக்கிறேன்! துரு என்றால் இரும்புக் கதவில் தெரியும் சிவப்பு மட்டுமே என்றுதான் எண்ணியிருந்தேன்.

உப்புத்தாளால் தகடு பளபளக்கும் வரை தேய்த்து, புது லக் அடித்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினார். பல்பு இப்போது கண் கூச எரிந்தது. கப்ளரை மாட்டியதும் இருக்கை பொத்தானுக்குக் கீழ்ப்படிந்து முன்னும் பின்னும் போயிற்று. கூலி 600 ரூபாய். கதவு ரப்பரை மாற்றாவிட்டால் அடுத்த மழையில் பழையபடி ஆகிவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதையும் அந்த வாரமே மாற்றினோம்.

பிறகு அந்தச் சகோதரியிடம், தலையணைகளைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். “நீங்கதான் ஒவ்வொரு தடவையும் வந்து ஜெபிச்சீங்களே ஐயா” என்றார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அன்றிரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அடுத்த மதுரைப் பயணத்தன்று விடியற்காலையில் கதவருகே போய் நின்றேன். ஜெபிக்குமுன் குனிந்து அவர்கள் பாதத்தைப் பார்த்தேன். பிரேக்கின்மேல் முழுவதுமாகப் பதிந்திருந்தது. தலையணை இரண்டும் பின் இருக்கையில் இருந்தன. ஒன்றில் தலை சாய்த்து, மற்றொன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் கணவர் அதற்குள் உறங்கிவிட்டிருந்தார்.