பால்டிக் கரையோரம்: தீவுக்கு வந்த கோப்பை

சென்ற இதழில் துர்க்கு நகரத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஓலந்துத் தீவுகளில் உள்ள மரியேஹாம்னுக்குக் கப்பலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஸ்டாக்ஹோம் போகும் கப்பல்கள் இங்கே நின்று போவதன் ரகசியம் வரிச்சலுகை. ஓலந்துத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், கப்பல் கடையில் மது மலிவு. பயணிகளில் பலர் கரையைப் பார்க்காமலே திரும்புவார்கள். நான் இறங்கியது கால்பந்துக்காக.

ஓலந்து பின்லாந்தைச் சேர்ந்தது, பேச்சு ஸ்வீடிஷ். 1919இல் தீவு மக்களில் பெரும்பாலோர் ஸ்வீடனோடு சேரவே விரும்பினார்கள். 1921இல் சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்கே கொடுத்து, மொழிக்கும் தன்னாட்சிக்கும் உத்தரவாதம் வாங்கித் தந்தது. ஐ.எஃப்.கே. மரியேஹாம்ன் சங்கம் பிறந்தது அந்தக் கொந்தளிப்பான 1919இல்தான். பெயர்கூட ஸ்வீடனில் ஊருக்கு ஊர் இருக்கும் 'ஐ.எஃப்.கே.' சங்கங்களின் வழியில் வந்தது.

நெடுங்காலம் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிய அணியைக் கைதூக்கி விட்டவர் பயிற்சியாளர் பெக்கா லூஸ்கி. 2003இல் பொறுப்பேற்றார், 2005இல் அணி முதல் பிரிவான வெய்க்கவுஸ்லீகாவில் ஆடியது. 2014 வரை அவர் நகரவில்லை. பயிற்சியாளர்களைச் சட்டையைப் போல மாற்றும் இந்த விளையாட்டில் அதுவே ஒரு சாதனை.

பலன் அவர் போன பிறகு வந்தது. 2015இல் பின்லாந்துக் கோப்பை. 2016இல், பீட்டர் லுண்ட்பெரி, கரி விர்த்தனென் இருவரின் பயிற்சியில், லீக் பட்டமே கிடைத்தது. 2009 முதல் 2014 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றிருந்த ஹெல்சிங்கியின் எச்.ஜே.கே. அந்த ஆண்டு இரண்டாமிடம். கடைசி ஆட்டத்தில் மரியேஹாம்ன் இல்வெஸ் அணியை 2–1 என வீழ்த்தியபோது, மொத்தத் தீவுக்கூட்டத்தின் மக்கள்தொகை 30,000ஐக்கூட எட்டவில்லை. ஸ்வீடனோடு போக நினைத்த தீவு பின்லாந்தின் சாம்பியன்!

மைதானமும் அளவில் சிறியதுதான். 2,000 இருக்கைகள்கூட இல்லை. உள்ளூர் நிறுவனமான விக்லெஃப் ஹோல்டிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த நிறுவனத்தின் அதிபர் 2023இல் 50 கிலோமீட்டர் வேக எல்லையில் 82இல் காரோட்டிச் சிக்கி, 1,21,000 யூரோ அபராதம் கட்ட நேர்ந்தது உலகச் செய்தியானது. வருமானத்துக்குத் தக்க அபராதம் என்பது பின்லாந்துச் சட்டம். நம் ஊரில் அப்படி ஒன்று வந்தால் எத்தனை கார்கள் தெருவில் ஓடும்?

சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் கனவு சீக்கிரமே கலைந்தது. 2017இல் வார்சாவின் லெகியா அணி இங்கே 3–0, அங்கே 6–0 என்று துவைத்தெடுத்தது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆண்களின் பட்டத்தைப் பேசுகிறவர்கள் பெண்களை மறந்துவிடுகிறார்கள். இதே தீவின் ஓலந்து யுனைடெட் மகளிர் அணி 2009இலேயே பின்லாந்துச் சாம்பியன். பிறகு 2013, 2020 ஆண்டுகளிலும். கணக்குப் பார்த்தால் தீவின் உண்மையான கால்பந்துச் செல்வாக்கு அவர்களிடம்தான்.

அடுத்த இதழில், மேற்குத் துறைமுகத்தில் நிற்கும் நான்கு பாய்மரங்கள் கொண்ட கப்பலான பொம்மர்னுக்குள் ஏறுவோம்.