தகர எண்கள்

பேஸ்பால் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பாஸ்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், பள்ளியில் படிக்கும் பேரன் பிடிவாதம் பிடித்ததால்தான் ஃபென்வே பார்க் மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். அன்று ஆட்டம் கிடையாது. சீட்டு வாங்கியவர்களை ஒரு வழிகாட்டி சுமார் ஒரு மணி நேரம் அழைத்துச் சென்று காட்டுகிறார். காலி மைதானத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பது நாகலூர்க்காரனான எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

1912 ஏப்ரல் 20 அன்று, டைட்டானிக் மூழ்கிய ஐந்தாம் நாள், இங்கே முதல் லீக் ஆட்டம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய லீக் மைதானங்களில் இதுவே மிகப் பழையது. அன்று முதல் ரெட் சாக்ஸ் அணியின் சொந்த மைதானமும் இதுதான். 1934ஆம் ஆண்டின் ஓக் மர நாற்காலிகள் இன்னும் சில வரிசைகளில் இருக்கின்றன. உட்கார்ந்தால் முழங்கால் முன் வரிசையில் இடிக்கிறது.

இடப்புறம் ஒரு தெரு குறுக்கிடுவதால் மைதானம் அந்தப் பக்கம் குறுகிவிட்டது. அதை ஈடுகட்டுவதுபோல் அங்கே 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் நிற்கிறது. ‘கிரீன் மான்ஸ்டர்’ என்பது அதன் பெயர். எனக்கு அது உடனே புரிந்தது. சேர்வராயன் மலையில் சமநிலம் அரிது. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளான நாங்கள் காபி உலர்த்தும் களத்தில்தான் கிரிக்கெட் ஆடினோம். பந்து காபிச் செடிக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட். செடி ஒடிந்தால் மேஸ்திரியின் வசவு. நிலம் எப்படியோ, விதியும் அப்படி.

சுவரின் மேல் அமைத்திருக்கும் இருக்கைகளில் எங்களை உட்காரவைத்து, கீழே குனிந்து பார்க்கச் சொன்னார் வழிகாட்டி. சுவரின் அடிப்பகுதியில் ஸ்கோர் போர்டு. இன்றும் அதைக் கையால்தான் மாற்றுகிறார்கள். சுவருக்குள்ளே ஓர் ஒடுங்கிய அறை. அதில் இருப்பவர்கள் சிறு துளைகள் வழியே ஆட்டத்தைப் பார்த்து எண் தகடுகளை மாற்றுகிறார்கள். ஓட்டங்களைக் காட்டும் தகடு 16 அங்குலச் சதுரம், மூன்று பவுண்டு எடை.

அந்த எடை என் கைக்குத் தெரியும்.

1968இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேலை செய்த எஸ்டேட்டில் துரைமார்களுக்கென்று ஒரு மைதானம் இருந்தது. ஆண்டுக்கொரு முறை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஆட்டம் நடக்கும். ஆணியில் தகர எண்களை மாட்டுவது என் வேலை. கூலி ஒரு பன்னும் தேநீரும். என் அண்ணன் நன்றாகப் பந்து வீசுவான். துரைமார்களின் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள் அவன்தான் வீசினான். அவன் பந்தைப் பலரும் புகழ்ந்தார்கள். ஒருவர் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைக்கூடக் கொடுத்தார். அவ்வாண்டு ஆட்டத்தன்று எஸ்டேட் அணியில் ஓர் ஆள் வரவில்லை. அண்ணன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லைக்கோட்டின் ஓரத்தில் நின்றான். அவர்கள் பத்துப் பேரோடு ஆடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் பலகைக்குப் பின்னால் வந்து, ஒன்றும் பேசாமல், எனக்கு எண்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினான்.

ஃபென்வேயில் வலப்புற மேல்தளத்து முகப்பில் சில எண்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் சிவப்பு. 42 மட்டும் நீலம். “அது ஜாக்கி ராபின்சன் நம்பர், தாத்தா. எந்த டீமும் இனிமே அதை யாருக்கும் குடுக்காது” என்றான் பேரன். “அவர் இந்த அணியில் ஆடினாரா?” என்று கேட்டேன். இல்லை என்றான்.

அன்றிரவு மகளின் கணினியில் தேடிப் படித்தேன். 1945 ஏப்ரல் 16 அன்று ராபின்சனையும் வேறு இரண்டு கறுப்பின வீரர்களையும் ரெட் சாக்ஸ் அணி இதே மைதானத்துக்குத் தேர்வுக்கு அழைத்திருக்கிறது. அவர் நன்றாக ஆடினார். அதன்பின் அழைப்பே வரவில்லை. இரண்டாண்டு கழித்து, 1947இல், புரூக்ளின் அணிக்காக அவர் களமிறங்கினார். அப்போதிருந்த பதினாறு அணிகளில் கறுப்பின வீரர் ஒருவரைக் கடைசியாகச் சேர்த்துக்கொண்டது ரெட் சாக்ஸ்தான், 1959இல். பம்ப்சி கிரீன் என்பது அவர் பெயர். 1997இல் எல்லா அணிகளும் 42ஐ ராபின்சனுக்கென ஒதுக்கிவைத்தன. ஒருநாள் தேர்வுக்கு அழைத்து, பிறகு கூப்பிடாமலே விட்ட மைதானமும் அந்த எண்ணை முகப்பில் மாட்டிக்கொண்டது.

அதைப் பெருந்தன்மை என்பதா, காலம் கடந்த வெட்கம் என்பதா? எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. ஆனால் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் எஸ்டேட் மைதானத்தில் இப்போது மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. அங்கே மாட்டிவைக்க அண்ணனுக்கு எண் எதுவும் இருந்ததில்லை.

நாகலூரில் பொழுது விடிந்திருக்கும் என்று கணக்கிட்டு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன். ராபின்சனைப் பற்றிச் சொல்லத்தான் அழைத்தேன். ஆனால் ஸ்கோர் போர்டிலிருந்து தொடங்கிவிட்டேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“உள்ள இருக்கறவனுக்கு ஆட்டம் தெரியுமாடா?”

“தெரியும்ணா. சின்னச் சின்ன ஓட்டை வச்சிருக்காங்க.”

சற்று நேரம் பேச்சில்லை. பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

“நம்ம பலகையில ஓட்டை இல்லடா” என்றான். “நீதான் எட்டி எட்டிப் பார்த்து எனக்குச் சொல்லிட்டிருந்த.”

அது எனக்கு நினைவில் இல்லை. ராபின்சனைப் பற்றி அன்று நான் சொல்லவில்லை.