இடது பக்கம்

ஒலிக்கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்களும் கவிதை விமர்சனம் எழுதுகிறவர்களும் ஒரே பெட்டியிலிருந்துதான் வார்த்தைகளை எடுக்கிறார்கள்: ஆழம், தெளிவு, இதம், செறிவு. இரண்டு காரியத்தையும் செய்கிற எனக்கு இது வெகுநாளைய உறுத்தல்.

என்னிடமிருப்பது 1980களில் இங்கேயே செய்த ஆம்ப்ளிபையர். புதிது வாங்க குமாஸ்தா சம்பளம் இடங்கொடாது. ஆகவே ஒரு இரண்டாவது சனிக்கிழமை ரிச்சி தெரு. சில எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள், 5532 என்ற ஐ.சி. இரண்டு, மொத்தம் 180 ரூபாய். "ஆடியோ கிரேடு வேணுமா சார், சாதாவா?" என்றார் கடைக்காரர். சாதா என்றேன்.

கெப்பாசிட்டர் விஷயத்தில் மர்மம் ஏதுமில்லை. எலக்ட்ரோலிடிக்கின் உள்ளே ஈரம் இருக்கிறது. காலமும் சூடும் அதை உலர்த்துகின்றன. பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்துகிற இடத்தில் 1 மைக்ரோஃபாரட்டும், அதன் எதிரே 10 கிலோ ஓமும் இருந்தால் 16 ஹெர்ட்ஸ்வரை பெரிய சேதாரமின்றி ஒலி இறங்கும். உலர்ந்து பத்தில் ஒரு பங்காகிவிட்டால் 160 ஹெர்ட்ஸிலேயே சக்தி பாதியாகிறது, கீழே போகப்போக இன்னும் மெலிகிறது. அரியக்குடிக்குப் பாலக்காடு மணி ஐயர் வாசித்த மோனோ பதிவொன்றில் தொப்பி கரைந்துபோய் வலந்தலை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த அரை மிருதங்கத்தைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஐ.சி. வேறு சமாச்சாரம். கவிஞரான என் நண்பர் தன்னுடைய கருவியில் 4558ஐப் பிடுங்கி 5532ஐச் செருகியதும் 'திரை விலகியது' என்றார். இரண்டுக்கும் எட்டுக் கால்கள், ஒரே வரிசை. மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. மின்னழுத்தம் ஏறும் வேகம் பழையதில் மைக்ரோ செகண்டுக்கு ஒன்றிரண்டு வோல்ட், புதியதில் ஒன்பது. இந்த ஒன்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் ஒரு வோல்ட் உச்சமுள்ள 20,000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்பது வெறும் 0.13தான்.

எதற்கும் சோதித்துப் பார்த்தேன். இடது பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வலது பக்கத்தைத் தொடாமல் வைத்து, அதே மோனோ பதிவை இரண்டிலும் ஓட்டி, ஒரே ஸ்பீக்கரை ஒரு சுவிட்ச் மூலம் இரண்டுக்கும் மாறிமாறி இணைத்தேன். இரு பக்கத்து அளவையும் மீட்டர் வைத்துச் சமமாக்கினேன் (கொஞ்சம் உரக்கக் கேட்பதைக் காது 'நல்லது' என்று எழுதிக்கொள்ளும், இது நிரூபணமான விஷயம்). சுவிட்ச் என் முதுகுக்குப் பின்னால், மனைவி கையில். அவள் காசு சுண்டிப் பார்த்துப் போடுவாள். கெப்பாசிட்டரை 16க்கு 16 சரியாகச் சொன்னேன். ஐ.சி.யில் 16க்கு 9. காசே அவ்வளவு சொல்லும். "போதுமா? அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்றாள் அவள்.

நண்பர் வந்தபோது அதே நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "நான் பரீட்சை எழுத வரலை" என்றார். காதுக்கு அத்தாட்சி கேட்பவன் கவிதைக்கும் கேட்பான் என்றார் வாசலில் செருப்பு மாட்டும்போது. கேட்பேன்தான். அவருக்கு அது அவமானம். எனக்கோ, நாள் முடிவில் ரொக்கம் நேராகாமல் எழுந்து போகமுடியாத உத்தியோகம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அவருடைய தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரை அச்சுக்குப் போகாமல் மேஜையில் கிடக்கிறது. 'செறிவு' என்று மூன்று இடங்களில் வருகிறது. இரண்டை அடித்துவிட்டேன். மூன்றாவதற்கு வரிகளைக் காட்டமுடிகிறது, இருக்கட்டும்.